கனேடியப் பல்கலைக்கழகங்களில் மதிப்பூதியம்: விருந்தினர் பேச்சாளர்களுக்கும் பூர்வகுடி மூத்தோருக்கும் பணம் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் ஒரு துறையிலோ மாணவர் அமைப்பிலோ நிகழ்ச்சி ஒழுங்கு செய்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. பேச்சாளரைத் தேடுவதும் மண்டபம் பிடிப்பதும் பெரிய வேலையாகத் தெரியும். உண்மையில் சிக்கல் வருவது பணத்தில்தான். அதுவும் தொகை போதாமல் வருவது குறைவு; யாருக்கு எந்த வழியில் கொடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் விடுவதால்தான் வருகிறது.

மதிப்பூதியம் எது, கட்டணம் எது? இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. விலை பேசாமல், நன்றியின் அடையாளமாக நாமே தீர்மானித்துக் கொடுப்பது மதிப்பூதியம். ஒருவர் "என் கட்டணம் 3,000 டொலர்" என்று சொல்லி, ஒப்பந்தம் போட்டு, விலைப்பட்டியல் அனுப்பினால் அது சேவைக் கட்டணம். அது கொள்வனவுப் பிரிவின் வழியாகப் போக வேண்டும். அவர் ஜி.எஸ்.ரி. என்ற விற்பனை வரிக்குப் பதிவு பெற்றவராக இருந்தால் அந்த வரியையும் சேர்த்தே கேட்பார், ஒன்ராறியோவில் அது மாகாண வரியும் சேர்ந்த எச்.எஸ்.ரி., 13 சதவீதம். நான்கு தொடர் காலாண்டுகளில் 30,000 டொலருக்கு மேல் வருமானம் ஈட்டாதவர் பதிவு செய்யத் தேவையில்லை என்பதால், பெரும்பாலான பேச்சாளர்கள் வரி கேட்பதில்லை.

வரவுசெலவுத் திட்டத்தில் "மதிப்பூதியம்" என்று எழுதிவிட்டு, பிறகு வந்த விலைப்பட்டியலை அதே படிவத்தில் இணைத்து அனுப்பினால் கணக்குப் பிரிவு நிச்சயம் திருப்பி அனுப்பும். இரண்டில் எது என்று அழைப்புக் கடிதம் எழுதும்போதே முடிவு செய்யுங்கள். பணம் தனியொருவரின் பெயருக்குப் போனால்தான் மதிப்பூதியம். "என் நிறுவனத்தின் பெயரில் காசோலை தாருங்கள்" என்றால் அது வேறு வழி.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

நாடு முழுவதற்குமான விகிதம் எதுவும் இல்லை. பல பல்கலைக்கழகங்களின் பூர்வகுடி அலுவலகங்கள் தமக்கென ஒரு அட்டவணை வைத்திருக்கின்றன. முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். அட்டவணை இல்லாத இடத்தில், மேடையில் பேசும் நேரத்தை மட்டும் கணக்கிடுவது வழக்கமான பிழை. ஐந்து நிமிடத் தொடக்கப் பிரார்த்தனைக்கு வரும் எல்டர் (பூர்வகுடி மூத்தவர்) ஒருவர் காலையிலேயே புறப்பட்டு, வாகனம் நிறுத்த இடம் தேடி, நிகழ்ச்சி முடியும்வரை அமர்ந்து, பிறகு இருட்டில் வீடு திரும்புவார். அது அரை நாள். தொடக்கமும் முடிவும் அவரே செய்ய வேண்டும் என்றால் முழு நாள். சடங்கு, குணமாக்கும் வட்டம் போன்றவற்றுக்கு ஆயத்தமும் வேண்டும், முடிந்தபின் ஓய்வும் வேண்டும். அதற்கேற்பத் தொகை கூட வேண்டும்.

இன்னொன்று, அதே மேடையில் பேசும் பேராசிரியருக்கு 1,000 டொலரும் எல்டருக்கு 200 டொலரும் என்றால், அந்தக் கணக்கு எப்படியும் வெளியே தெரியவரும். அறிவைத் தருபவர் என்ற முறையில் அவரும் ஒரு பேச்சாளர். தொகையை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். "உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்பது பல மூத்தோருக்குச் சங்கடத்தைத் தரும், பலர் எதுவும் சொல்லமாட்டார்கள், சொன்னாலும் குறைத்தே சொல்வார்கள்.

எல்டருடன் இன்னொருவரும் வருவார் என்கிறார்கள். அவருக்கும் கொடுக்க வேண்டுமா?

ஆம். அவர் உதவியாளர். வாகனம் ஓட்டுவது, சடங்குப் பொருட்களைக் கொண்டுவருவது, யார் எப்போது எல்டரை அணுகலாம் என்று பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. அவருக்குத் தனி மதிப்பூதியம், தனி இருக்கை, உணவு, வாகன நிறுத்த அனுமதி எல்லாமே வேண்டும். எல்டருக்கான தொகையில் பிரித்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள்.

"வரவேற்பு" சொல்ல யாரை அழைப்பது? பூர்வகுடியைச் சேர்ந்த எந்தப் பேராசிரியரும் செய்யலாமா?

ஓர் இடத்துக்கு வரவேற்க அந்த நிலத்துக்குரிய மக்களால்தான் முடியும். தெற்கு ஒன்ராறியோவில் வாழும் கிரீ என்ற பூர்வகுடி இனத்துப் பேராசிரியர் ஒருவர், தான் பிறந்த மண்ணல்லாத இடத்துக்கு உங்களை வரவேற்கமாட்டார். அவரும் அங்கே விருந்தினர். இது யாருடைய நிலம் என்று ஏற்றுச் சொல்லும் உரை வேறு. அதை அழைப்பாளரான நீங்களே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்த வேலையை எல்டரின் தலையில் கட்டுவது சரியல்ல.

எல்டர் என்பது வயதால் வரும் பெயர் அல்ல. சமூகம் ஒருவரை அப்படி ஏற்றுக்கொள்கிறது. அறிவுக் காவலர் என்று அழைக்கப்பட விரும்புபவர்களும் உண்டு. விளம்பரத்தில் எப்படிப் போடுவது என்று அவரிடமே கேட்டு, எழுத்துக்கூட்டலையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நாட்களையும் கவனியுங்கள். ஜூன் 21 தேசிய பூர்வகுடிகள் தினம். செப்டெம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள், 2021ஆம் ஆண்டு முதல். ஜூன் பட்டமளிப்பு மாதமும்கூட. இந்த இரண்டு நாட்களையும் ஒட்டிய வாரங்களில் நகரின் எல்லா நிறுவனங்களும் அதே சில மூத்தோரைத்தான் அழைக்கும். பல மாதங்கள் முன்பே கேட்காமல் கடைசி வாரத்தில் தொலைபேசி எடுத்தால் யாரும் கிடைக்கமாட்டார்கள்.

புகையிலை கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எப்படி, எப்போது?

எல்லோருக்கும் அல்ல. கிரீ, அனிஷினாபே போன்ற பல மக்களிடம், ஓர் எல்டரிடம் வேண்டுகோள் வைக்கும்போது புகையிலை கொடுப்பது முறை. இனுயிட் மக்களிடம் அது பாரம்பரிய வழக்கம் அல்ல. மேற்குக் கரையோரத்திலும் பல இடங்களில் வழக்கம் வேறு. மெட்டி மக்களிடையே ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பூர்வகுடி அலுவலகத்திடமோ எல்டரின் உதவியாளரிடமோ "எது முறை?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

புகையிலை முதலில் வரும், பணம் கடைசியில் வரும். தாம்பூலம் வைத்து அழைக்கும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. என்ன கேட்கிறோம் என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டு, அதன்பின்தான் நீட்ட வேண்டும். அவர் கையில் வாங்கினால் வேண்டுகோளை ஏற்றார் என்று பொருள். வாங்காமல் விட்டால் வற்புறுத்தக் கூடாது. மேடையில் நன்றிப் பரிசாக, படம் எடுத்துக்கொண்டு கொடுப்பது முறையைத் தலைகீழாக்குவது.

சிறு கட்டாகக் கட்டிக் கொடுக்கலாம்: 10 முதல் 15 சென்ரிமீற்றர் சதுரப் பருத்தித் துணி, நடுவில் கொஞ்சம் தூள் புகையிலை, நான்கு மூலைகளையும் சேர்த்து நாடாவால் ஒரு முடிச்சு. துணியின் நிறத்துக்கும் சில இடங்களில் பொருள் உண்டு என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைப் பொதியையே கொடுப்பதும் பல இடங்களில் ஏற்கப்படும். ஆனால் கனடாவில் புகையிலைப் பொதிகள் மங்கிய பழுப்பு நிறத்தில், நோய்ப் படங்களோடு வருகின்றன. துணியில் சுற்றிக் கொடுப்பது நல்லது.

வாங்குவதில் ஒரு தொல்லை: பல்கலைக்கழகக் கடனட்டைகளின் விதிகளில் புகையிலை பெரும்பாலும் தடைசெய்யப்பட்ட பொருள். "சடங்குத் தேவை" என்று குறிப்பு எழுதி முன்அனுமதி பெறுங்கள், அல்லது பூர்வகுடி அலுவலகத்தில் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதில் கேளுங்கள். அனுமதியின்றி வாங்கிவிட்டுப் பற்றுச்சீட்டைக் கொடுத்தால், உங்கள் சொந்தப் பணம் போனதுதான்.

தொலைபேசியிலோ காணொளியிலோ கேட்க நேர்ந்தால், புகையிலை தயாராக இருக்கிறது என்று சொல்லி, அதை எப்படிச் சேர்ப்பது என்று கேளுங்கள். நிகழ்ச்சியில் செஜ், சீடர் போன்ற மூலிகைகளை எரித்துப் புகை போடுவதாக இருந்தால் கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்குச் சில நாட்கள் முன்பே எழுதுங்கள். புகை உணரியை அவர்கள் நிறுத்தி வைக்காவிட்டால், பிரார்த்தனையின் நடுவில் மணி அடித்து முழுக் கட்டடமும் வெளியேற நேரிடும்.

பணம் அன்றே கொடுக்க வேண்டுமா? எங்கள் கணக்குப் பிரிவு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்கிறது.

பூர்வகுடி மூத்தோருக்கு அன்றே, நிகழ்ச்சி முடிந்தவுடன், கையில் கொடுக்க வேண்டும். பலர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். 200 கிலோமீற்றர் ஓட்டிவந்த எரிபொருளுக்குச் சொந்தப் பணம் போட்டிருப்பார்கள். "படிவம் நிரப்புங்கள், தபாலில் வரும்" என்பது, அவர் உங்களுக்குக் கடன் கொடுத்ததற்குச் சமம்.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, முன்கூட்டிய காசோலை: நிகழ்ச்சிக்கு ஐந்து வாரங்கள் முன்பே கோரிக்கை போட்டு, காசோலையைத் தபாலில் அனுப்பாமல் துறையில் வந்து பெற்றுக்கொள்வதாகக் குறியுங்கள். "சேவை இன்னும் கிடைக்கவில்லை, அதனால் கொடுக்க முடியாது" என்று கணக்குப் பிரிவு மறுக்கலாம். இங்கேதான் பெரும்பாலானோர் சோர்ந்துபோகிறார்கள். பூர்வகுடி விருந்தினர்களுக்கு விதிவிலக்கு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் இருக்கிறது, ஆனால் முன்வரிசை ஊழியருக்குத் தெரியாது. இரண்டாவது, ரொக்க முன்பணம்: துறை ஊழியர் ஒருவர் தன் பெயரில் முன்பணம் எடுத்து, எல்டரிடம் கையெழுத்துப் பெற்று, மீதியையும் கையெழுத்திட்ட தாளையும் ஒப்படைப்பது. கையெழுத்துத் தாளில் தேதி, தொகை, நிகழ்ச்சியின் பெயர், பெறுபவரின் முழுப் பெயர் இருந்தால் போதும். மூன்றாவது, மின்னஞ்சல் வழி வங்கிப் பரிமாற்றம். அது எல்டருக்கு வசதியா என்று முதலில் கேளுங்கள். இணைய வங்கி பயன்படுத்தாதவர்கள் பலர்.

எந்த வழியானாலும் சாதாரண வெள்ளை உறை, மேலே கையால் எழுதிய பெயர், உள்ளே பணமோ காசோலையோ, ஒரு நன்றிக் குறிப்பு. கழிவுகள் அச்சிட்ட கணக்குச் சீட்டு உள்ளே வேண்டாம். எல்லோர் முன்னிலையிலும் எண்ணிக் கொடுக்காமல் ஒதுக்கமாகக் கொடுங்கள். நிகழ்ச்சி நாளில் உறை யார் பையில் இருக்கிறது என்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். உறை அலுவலக மேசையிலேயே கிடக்க, எல்டர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவது அடிக்கடி நடப்பது.

பரிசு அட்டை கொடுத்தால் படிவமே வேண்டாமே?

வேண்டும். பரிசு அட்டை வருமான வரி நோக்கில் பணத்துக்கு நிகரானது. ரி4ஏ (கொடுத்த தொகையைக் காட்டும் ஆண்டு வருமான வரிச் சீட்டு) கணக்கில் அதுவும் சேரும். அதோடு, கிராமத்தில் வாழும் ஒருவருக்கு நகரக் கடையொன்றின் அட்டையால் பயன் குறைவு. போர்வை, தேயிலை, கைவினைப் பொருள் போன்ற பரிசுகள் மதிப்பூதியத்தோடு சேர்த்துக் கொடுப்பதற்கு. அதற்குப் பதிலாக அல்ல.

சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம் எப்போது கேட்க வேண்டும்?

ஒரு நாட்காட்டி ஆண்டில் ஒருவருக்குப் பல்கலைக்கழகம் முழுவதுமாகக் கொடுத்த தொகை 500 டொலரைத் தாண்டினால், ரி4ஏ சீட்டு கொடுக்க வேண்டும். அதற்கு ஒன்பது இலக்கச் சின் வேண்டும். "முழுவதுமாக" என்பதைக் கவனியுங்கள். உங்கள் துறை 300, கல்விப் பீடம் 250 கொடுத்திருந்தால் கூட்டு 550. நீங்கள் தனியாக எல்லைக்குள் இருந்தும் சீட்டு வரும். அதனால் முதல் தடவையே சின் கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. சீட்டு பிப்ரவரி கடைசி நாளுக்குள் போக வேண்டும். பணம் கொடுத்த தேதியின் ஆண்டுதான் கணக்கு. டிசம்பரில் பேசியவருக்கு ஜனவரியில் காசோலை போனால் அது அடுத்த ஆண்டு வருமானம்.

500 டொலருக்குக் குறைவென்றால் வரியே இல்லை என்று பேச்சாளரிடம் சொல்லாதீர்கள். சீட்டு வராது என்பது மட்டும்தான் உண்மை.

சின் இலக்கத்தை மின்னஞ்சலில் கேட்காதீர்கள். கணக்குப் பிரிவின் பாதுகாப்பான படிவத்தில் அவரே பதியட்டும், அல்லது தொலைபேசியில் சொல்லச் சொல்லி நேராக முறைமையில் உள்ளிடுங்கள். நிகழ்ச்சி நாளில், வரிசையில் நிற்பவர்கள் மத்தியில், பதிவு மேசையில் அந்தப் படிவத்தை நீட்டுவது மிக மோசமான வழி. அரசுப் படிவங்களோடு கசப்பான வரலாறு கொண்ட மக்கள் இவர்கள். ஏன் கேட்கிறோம், எங்கே வைக்கிறோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மதிப்பூதியத்தால் எல்டரின் ஓய்வூதியம் குறையுமா?

குறையலாம், அதுவும் ரி4ஏ சீட்டில் எந்தப் பெட்டியில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. இதைக் கவனிக்கும் பல்கலைக்கழகங்கள் குறைவு.

குறைந்த வருமானமுள்ள முதியோர் பலர் ஜி.ஐ.எஸ். என்ற உத்தரவாத வருமான மேலதிகக் கொடுப்பனவைப் பெறுகிறார்கள். வேறு வருமானம் வந்தால் அது ஏறத்தாழ இரண்டு டொலருக்கு ஒரு டொலர் என்ற அளவில் குறையும். ஆனால் 2020 ஜூலை முதல், வேலையாலும் சுயதொழிலாலும் வரும் வருமானத்தில் முதல் 5,000 டொலர் கணக்கில் வராது. அடுத்த 10,000 டொலரில் பாதியும் வராது. மதிப்பூதியம் பெட்டி 048 இல், சேவைக்கான கட்டணமாகப் பதியப்பட்டால் அவர் அதைச் சுயதொழில் வருமானமாகக் காட்டி இந்தச் சலுகையைப் பெற வழியிருக்கிறது. பெட்டி 028 இல், "ஏனைய வருமானம்" என்று போட்டால் அந்தச் சலுகை கிடைக்காது. 2,000 டொலர் மதிப்பூதியத்துக்கு அடுத்த ஜூலை முதல் ஓராண்டில் 1,000 டொலர் அளவு போய்விடலாம்.

எனவே எந்தப் பெட்டி என்று கணக்குப் பிரிவிடம் கேளுங்கள். உரை, கற்பித்தல், சடங்கு நடத்துதல் ஆகியவை எல்லாம் சேவைகளே.

பூர்வகுடியினர் வரி கட்டத் தேவையில்லை என்கிறார்களே?

பாதிப் பொய். பூர்வகுடியினர் பற்றிய கனேடியச் சட்டமான இந்தியன் சட்டத்தின் 87ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்றவரின், ரிசர்வில் (பூர்வகுடிச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில்) அமைந்த சொத்துக்கும் வருமானத்துக்கும் விலக்குத் தருகிறது. இனுயிட், மெட்டி மக்களுக்கு இது பொருந்தாது. பதிவுபெற்றவருக்கும் எல்லா வருமானத்துக்கும் பொருந்தாது. வருமானம் ரிசர்வோடு எவ்வளவு தொடர்புடையது என்று பல காரணிகளை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது 1992இல் வில்லியம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலை எங்கே நடந்தது, பணம் கொடுப்பவர் எங்கே இருக்கிறார், பெறுபவர் எங்கே வாழ்கிறார் என்பனவெல்லாம் பார்க்கப்படும். நகர வளாகத்தில் நடந்த உரைக்கு விலக்குக் கிடைப்பது கடினம். அதே உரையை ரிசர்வில் நடக்கும் முகாமில் தந்தால் கதை வேறு. ரெஜைனாவில் உள்ள கனடாவின் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் பல்கலைக்கழக வளாகம் ஸ்டார் பிளாங்கெட் கிரீ நேஷனின் நகர்ப்புற ரிசர்விலேயே அமைந்திருக்கிறது. அங்கே கேள்வியே வேறு மாதிரி வரும்.

துறை ஊழியர் இதைத் தீர்மானிக்கப் போகக் கூடாது. விருந்தினர் விலக்குக் கோரினால் மட்டும் பதிவு அட்டை விவரம் கேட்டுக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். கோராதவரிடம் "அட்டை இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். விலக்குள்ள தொகையையும் சீட்டில் பதிய வேண்டும்; அதற்கென்று தனிப் பெட்டிகள் இருக்கின்றன.

எல்லை தாண்டி வாழும் பூர்வகுடி விருந்தினர்?

அக்வெசாஸ்னே போன்ற சமூகங்கள் ஒன்ராறியோ, கியூபெக், நியூயோர்க் மூன்றிலும் பரவியிருக்கின்றன. இந்தியன் சட்டத்தில் பதிவுபெற்றவருக்குக் கனடாவுக்குள் வரவும் தங்கவும் உரிமை உண்டு, குடியுரிமை எதுவானாலும். வரியில் மட்டும் வசிப்பிடம் கணக்கில் வரும். "எந்த நாட்டவர்?" என்று கேட்பதைவிட "தபால் முகவரி எது?" என்று கேட்பது மரியாதையானது, தேவையான தகவலும் அதுதான். நியூசிலாந்திலிருந்து வரும் மாவோரி அறிஞருக்கு 87ஆம் பிரிவு பொருந்தாது. மற்ற வெளிநாட்டுப் பேச்சாளர்களைப் போலத்தான்.

வெளிநாட்டுப் பேச்சாளருக்கு ஏன் 15 சதவீதம் பிடிக்கிறார்கள்?

வருமான வரி ஒழுங்குமுறை 105. கனடாவில் வசிக்காத ஒருவர் கனடாவுக்குள் செய்த சேவைக்குக் கொடுக்கும் தொகையில் 15 சதவீதம் பிடித்து, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கனேடிய வருமான வரி முகமையான சீ.ஆர்.ஏ.க்கு அனுப்ப வேண்டும். குறைந்தபட்ச எல்லை கிடையாது, 100 டொலருக்கும் பிடித்தம் உண்டு. கியூபெக்கில் நடந்தால் மாகாணத்துக்காக இன்னும் 9 சதவீதம். சீட்டின் பெயர் ரி4ஏ-என்ஆர். அதுவும் பிப்ரவரி கடைசி நாளுக்குள்.

பிடிக்க மறந்தால் பல்கலைக்கழகமே அந்தத் தொகையையும் தண்டத்தையும் கட்ட வேண்டும். அதனால் கணக்குப் பிரிவு இதில் இரக்கம் காட்டாது. "என் நாட்டோடு வரி உடன்படிக்கை இருக்கிறதே" என்று பேச்சாளர் சொல்லலாம். உடன்படிக்கை இருந்தாலும், முன்கூட்டியே விலக்குக் கடிதம் பெறாவிட்டால் பிடித்தம் பிடித்தமே. பிறகு அவர் கனேடிய வரிப் படிவம் தாக்கல் செய்து மீளப் பெறலாம். சில நூறு டொலருக்காகப் பலர் அந்த அலைச்சலில் இறங்குவதில்லை. விலக்குக்கான படிவம் ஆர்105. சேவை தொடங்க 30 நாட்களுக்கு முன்பே அனுப்ப வேண்டும்.

500 டொலர் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். அவர் கையில் 500 முழுதாகப் போக என்ன செய்வது?

தொகையை உயர்த்துங்கள். கூட்ட வேண்டியது 15 சதவீதம் அல்ல, 0.85 ஆல் வகுக்க வேண்டும். 500 ÷ 0.85 = 588.24. அதில் பிடித்தம் 88.24, கையில் 500. 575 என்று போட்டால் அவருக்கு 488.75தான் கிடைக்கும். கியூபெக்கில் 24 சதவீதம் என்பதால் 0.76 ஆல் வகுக்க 657.89, பிடித்தம் 98.68, 59.21 என இரண்டு பகுதி. இந்தக் கூடுதல் தொகையை வரவுசெலவுத் திட்டத்தில் முதலிலேயே வையுங்கள்.

சென்னையிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து காணொளியில் பேசினால்?

சேவை கனடாவுக்கு வெளியே நடக்கிறது. ஒழுங்குமுறை 105இன் பிடித்தம் பொருந்தாது. படிவத்தில் "உரை முழுவதும் கனடாவுக்கு வெளியிலிருந்து தரப்பட்டது" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் கணக்குப் பிரிவு பழக்கத்தில் 15 சதவீதத்தைக் கழித்துவிடும்.

பணம் அனுப்பக் காசோலை வேண்டாம். கனேடியக் காசோலை இந்திய, இலங்கை வங்கிகளில் மாற வாரக்கணக்கில் ஆகும், கழிவும் அதிகம். வங்கிப் பரிமாற்றத்துக்குக் கணக்கில் உள்ளபடி பெயர், கணக்கு இலக்கம், வங்கிக் கிளை முகவரி, ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். இந்தியாவுக்கு 11 எழுத்து ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும். இடைநிலை வங்கிக் கழிவு யார் தலையில் என்று படிவத்தில் "அனுப்புபவர்" என்று குறியுங்கள். இல்லாவிட்டால் 300 டொலர் அனுப்பியும் அவருக்குக் குறைந்தே போய்ச் சேரும்.

நேரில் வருபவருக்கு வேலை அனுமதி வேண்டுமா?

விருந்து, பட்டமளிப்பு, மாநாடு போன்ற நிகழ்வில் உரை நிகழ்த்த மட்டும் வருபவருக்கு வேண்டாம். கருத்தரங்கு நடத்துபவர் என்றால் ஐந்து நாட்கள் வரை. முழுப் பருவத்துக்கு ஒரு பாடம் கற்பிக்க வருவது இதில் அடங்காது. ஆனால் வருகை விசா வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 டொலர், கைரேகைப் பதிவுக்கு 85. தமிழ் மரபுத் திங்களான ஜனவரிக்குப் பேச்சாளர் அழைப்பவர்கள் அக்டோபரில்தான் கடிதம் எழுதத் தொடங்குகிறார்கள். அது பெரும்பாலும் தாமதம். கடிதத்தில் நிகழ்ச்சி, நாட்கள், தங்குமிடம், பயணச் செலவு யார் பொறுப்பு, மதிப்பூதியம் எவ்வளவு எல்லாம் இருக்கட்டும். தொகையை மறைத்து எழுதிவிட்டு, விமான நிலையத்தில் அவர் "பணம் தருவார்கள்" என்று சொன்னால் வீண் சந்தேகம் வரும்.

பயணச் செலவை மதிப்பூதியத்தோடு சேர்த்து ஒரே தொகையாகக் கொடுக்கலாமா?

வேண்டாம். சேர்த்தால் முழுத்தொகையும் வருமானமாகிவிடும். வெளிநாட்டவருக்கு முழுவதிலும் பிடித்தம். விமானச் சீட்டையும் விடுதியையும் துறையே நேராக வாங்கட்டும். மற்றவற்றைப் பற்றுச்சீட்டுக்கு எதிராகத் திருப்பிக் கொடுங்கள். வாகனத்தில் வருபவருக்குக் கிலோமீற்றர் கணக்கு, 2025இல் சீ.ஆர்.ஏ. ஏற்ற விகிதம் முதல் 5,000 கிலோமீற்றருக்கு 72 சதம், பல்கலைக்கழகங்களுக்குச் சொந்த விகிதமும் இருக்கலாம். மூத்தோரிடம் எரிபொருள் சீட்டுக் கேட்டு அலைக்கழிப்பதைவிட, தூரத்தை நீங்களே வரைபடத்தில் பார்த்து நிரப்பிவிடுங்கள்.

பெயர் பொருந்தவில்லை என்று காசோலை திரும்பி வந்தது. ஏன்?

விளம்பரத்தில் உள்ள பெயரை அப்படியே படிவத்தில் எழுதினால் இது நடக்கும். மக்கள் அழைக்கும் பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் வேறாக இருக்கலாம். சிலர் தம் பூர்வகுடிப் பெயரை மீட்டெடுத்திருக்கிறார்கள். 2021 முதல் கடவுச்சீட்டிலும் அதைச் செய்ய முடிகிறது. ஆனால் வங்கியில் பழைய பெயர் இருக்கலாம். கணக்கு மென்பொருள்கள் சிறப்பு எழுத்துகளை விழுங்கிவிட்டு வெற்றிடம் போடும். "காசோலையில் எந்தப் பெயர் இருக்க வேண்டும்?" என்று தனியாகக் கேளுங்கள்.

பேச்சாளர் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே வேலை செய்கிறார்.

அப்படியானால் சம்பளப் பிரிவு வழியாக, வழக்கமான கழிவுகளோடு, ரி4 சீட்டில். உதவி ஆசிரியராக வேலை செய்யும் மாணவருக்கும் இதே. வளாகத்தில் வாரந்தோறும் மாணவர்களைச் சந்திக்கும் எல்டருக்கு மாதாமாதம் மதிப்பூதியம் கொடுப்பதும் நீண்டகாலம் ஓடாது. நேரமும் இடமும் பல்கலைக்கழகம் தீர்மானித்தால் அது வேலை. ஒழுங்கான நியமனமும் அதற்குரிய ஓய்வூதியப் பங்களிப்பும் அவருக்குச் சேர வேண்டியவை.

"என் தொகையை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார்.

அவர் திசைதிருப்பிய பணம் அவருடைய வருமானமே. சீட்டு அவர் பெயரில் வரும். பெற்றுக்கொண்டு அவரே நன்கொடை கொடுத்து வரிப் பற்றுச்சீட்டு வாங்குவது சுத்தமான வழி. வேண்டாம் என்றால் முன்பே எழுத்தில் மறுத்துவிடலாம்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள், எல்டர் தன்னால் வர முடியாது என்றார். காசோலையை ரத்துச் செய்யலாமா?

சமூகத்தில் ஒரு மரணம் நிகழ்ந்தால் மூத்தோர் அங்கே இருந்தே ஆக வேண்டும். இது அடிக்கடி நடக்கும், இதைக் குறையாக எண்ணக் கூடாது. வேறு நாள் கேளுங்கள், காசோலையை வைத்திருங்கள். நிகழ்ச்சியைக் கடைசி நேரத்தில் ரத்துச் செய்தது நீங்கள் என்றால், அவர் ஒதுக்கிய நாளுக்கான தொகையைக் கொடுத்துவிடுங்கள். மாற்றாள் தேடுவதென்றால் அவரையே பரிந்துரைக்கக் கேளுங்கள்.

மதிப்பூதியம் கொடுத்ததால் உரையைப் பதிவுசெய்து இணையத்தில் போடலாமா?

இல்லை. பணம் வருகைக்குத்தான். பதிவுக்குத் தனி ஒப்புதல் வேண்டும். எந்தப் பகுதி, எவ்வளவு காலம், யார் பார்க்கலாம் என்று எழுத்தில். சில கதைகள் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லப்படுபவை. சில பாட்டுகள் ஒரு குடும்பத்துக்கு உரியவை. தொடக்கப் பிரார்த்தனையின்போது ஒளிப்படக் கருவிகளை நிறுத்தச் சொல்லி ஒளிப்பதிவாளருக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.

ஆய்வில் பங்கேற்பவர்களுக்குக் கொடுக்கும் தொகையும் இதே விதியா?

அது ஆய்வு நெறிக் குழுவின் அனுமதியில் எழுதப்பட்டிருக்க வேண்டிய தொகை. பெயர் மறைக்க வாக்களித்த பங்கேற்பாளரின் பெயரைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிடாதபடி தனி ஏற்பாடு வேண்டும். மூன்று கூட்டாட்சி ஆய்வு நிதி அமைப்புகளின் நெறிக் கொள்கையில் 9ஆம் அத்தியாயம் பூர்வகுடிகள் பற்றியது; விண்ணப்பம் எழுதுமுன் அதைப் படியுங்கள். ஆய்வுக்கு வழிகாட்டும் எல்டர் பங்கேற்பாளர் அல்லர், ஆலோசகர். அவருக்கு மேலே சொன்ன வழிதான்.